மூன்றாவது குட்டி

என் மகள் பிறந்த ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜெபப் படங்கள் மாட்டியிருக்கிற முன்னறைக்கு அடுத்த அறையில் கட்டிலின் நடுவில் கிடத்தியபோது, அவள் முகம் சிவந்து, இரண்டு முஷ்டியும் இறுகி, பல்லில்லாத வாய் முழுக்கத் திறந்து அழுதாள். அழுகை மச்சிலிருந்து வந்தது.

நான் மேலே பார்த்தேன். என் மாமனார் மேலே பார்த்தார். பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு லில்லிபாய் அக்கா, காப்பி டம்ளரும் கையுமாக மேலே பார்த்து, கீழே பிள்ளையின் வாயைப் பார்த்து, மறுபடி மேலே பார்த்து, "கொள்ளாம். தொண்டை கீழ, சத்தம் மேல. ரெண்டு மாடி பிள்ளையாக்கும் பெத்திருக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாள்.

மச்சு என்று நாங்கள் சொல்வது ஓட்டுக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவில் உள்ள, ஆள் குனிந்துதான் போக முடிகிற இருட்டை. உடைந்த நாற்காலிகளும், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும், நான் பார்த்திராத என் மாமியாரின் தையல் மெஷினும் அங்கேதான் கிடக்கின்றன. அங்கே ஒரு மரநாய் குட்டி போட்டிருப்பது முந்தின வாரமே மாமாவுக்குத் தெரியும். பூனையைவிட நீளமாய், மூஞ்சியில் கரி பூசினதுபோல, வால் உடம்பளவு இருக்கிற அந்தப் பிராணி குடியிருக்கிற இடத்தில் புதுச்சோறு வடித்த மணம் வரும். அடுப்பு பற்றவைக்காத நேரத்தில் வீடு சோறாய் மணந்தால் ஓட்டை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் அவள் சத்தம் அவள் வாயில்தான் இருந்தது. பெரிய சத்தம். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அம்மா இல்லை, போய்ப் பிள்ளை பெறத் தாய்வீடு இல்லை, ஆறு வயதிலிருந்து கான்வென்ட் போர்டிங்கில் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு உதடு அசைத்தால் 'நான் பேசினேன்' என்று எழுதின அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் வளர்ந்தவள் நான். புருஷன் பெர்க்மான்ஸ் மஸ்கட்டில். மாமனார் இஞ்ஞாசிமுத்து, நாற்பது வருஷம் இந்தப் பங்குக் கோவிலுக்கு உபதேசியாராக இருந்தவர், செபமாலை சொல்லும்போது அடுக்களையில் தட்டு விழுகிற சத்தம் கேட்டால்கூட முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது நான் பயந்துபோய் ஒரே ஒரு ஜெபம் சொன்னேன்: ஆண்டவரே, அந்த வீட்டில் இவள் சத்தம் போடாமல் இருக்கணும். அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஊர் பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் நாள் பத்துப் பேர் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் இருபது பேர் வந்தார்கள், மூன்றாம் நாள் கைப்பிள்ளைக்காரிகள் நாலு பேர் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கட்டிலில் என் மகளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடத்தி, தங்கள் பிள்ளைகளின் அழுகையும் மேலே ஏறிப் போகுமா என்று ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அழுகை அந்தந்த வாயிலேயே நின்றது. "எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பினை வேணும் ஜெசிந்தா" என்று பெருமூச்சு விட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து, எடை பார்த்து, தொப்புள் பார்த்து, தன் நீல நோட்டில் 'அழுகை' என்று அச்சடித்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சம் யோசித்து, 'உண்டு (மச்சில்)' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பங்குச் சாமியார், திருச்சபைச் சட்டத்தில் இதற்கு விரோதமாக ஒன்றும் இல்லை என்றார். பெர்க்மான்ஸ் வீடியோவில் பார்த்துவிட்டு, "வாய் ஒரு பக்கம் போவுது, சத்தம் ஒரு பக்கம் வருவுது. அங்க நெட்வொர்க் இப்பவும் சரியில்ல, என்னட்டி?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

பிறகு அது வீட்டு வழக்கமாகிப் போனது. லில்லிபாய் அக்கா துணி துவைக்கிற கல்லில் நின்றபடியே கூப்பிடுவாள்: "எட்டி ஜெசிந்தா, உனக்க மோளுக்கு மேல பசிக்குவு, கீழ பால் குடு!" நான் பால் கொடுப்பேன், மேலே சத்தம் அடங்கும். நான் அண்ணாந்தபடியே என் மகளைப் படித்தேன். கொக்கிபோல வளைந்து வருவது பசி. பலகையில் ஆணி இழுப்பதுபோல வருவது வயிற்றுவலி. ஒன்றும் இல்லாமல், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல நடுநடுவே ஒன்று வரும், அதற்கு நான் "இருக்கேன் மோளே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மடியில் கிடப்பவளைப் பார்த்துச் சொல்வதா, பலகையைப் பார்த்துச் சொல்வதா என்று மட்டும் எனக்குக் கடைசிவரை நிச்சயமில்லை.

என் பயம் அந்தி நேரத்தில் ஆரம்பிக்கும். விளக்கு வைத்ததும் தாய் மரநாய் கூரை விளிம்பு வழியாக இறங்கி, கிணற்றடிப் பப்பாளிக்கும், அங்கிருந்து மின்கம்பி ஓரமாக ரப்பர்த் தோட்டத்துக்கும் போகும். கம்பியில் அடிபட்டால்? ரோட்டில் லாரி அடித்தால்? நாய்கள்? தாய் வராவிட்டால் குட்டிகள் செத்துப்போகும், குட்டிகள் செத்தால் என் மகளின் சத்தம் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து, ஊரில் எந்தப் பெண்ணும் புருஷனுக்காகக்கூட அப்படிக் காத்திருந்திருக்க மாட்டாள், விடியக்காலம் ஓட்டில் அதன் கால் படுகிற சத்தம் கேட்கும்வரை நான் கண்ணை மூட மாட்டேன். பப்பாளி பழுத்தால் பறிக்காமல் விட்டேன். லில்லிபாய் அக்கா வீட்டு நாயை ராத்திரி கட்டிப்போடச் சொல்லிக் கெஞ்சினேன். "மரநாய்க்குப் பேறுகாலப் பத்தியம் பாக்குத ஒரே ஆளு நீதான்" என்று சிரித்தாளே தவிர, கட்டிப்போட்டாள்.

மூன்றாம் வாரம் தட்டுப் பலகையில் மூத்திரக் கறை படர்ந்தது. முதலில் ஒரு ரூபாய் அகலம், பிறகு முறம் அகலம், பிறகு முன்னறை நடுவில் சொட்டி, திருஇருதயப் படத்தின் கண்ணாடியில், இயேசுவின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மஞ்சளாய் ஒரு கோடு இறங்கியது. மாமா அதைத் துடைத்துவிட்டுக் கோவில் கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டனுப்பினார். நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்ததும் சாமியார் வந்து வீடு மந்திரித்து, எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, மாமாவின் நாற்பது வருஷ ஊழியத்துக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அந்தப் படத்துக்குக் கீழேதான் போர்த்த வேண்டும்.

"பழத்துல மருந்து வைக்கலாம்" என்றார் கோவில் கமிட்டிக்காரர் ஒருவர். "ஓலையக் கொளுத்திப் புகை போட்டா குட்டியெல்லாம் தன்னால விழும்" என்றார் இன்னொருவர். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் முன்னால் வந்து, "கொல்லாண்டாம் மாமா" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் நானாகவே பேசிய முதல் வார்த்தை அது. எல்லாரும் அதிசயப்பட்டார்கள். மச்சிலிருந்து பிள்ளை அழுததற்கு இவ்வளவு அதிசயப்படவில்லை.

"நாம என்ன கொலைகாரங்களா?" என்றார் மாமா. "பாவம் இல்லாத வழி இருக்கும். அதுவும் போவணும், சத்தம் இறங்கி வரணும். மேல மிருகம் இருக்கதுனாலத்தான் பிள்ளைக்க சத்தம் அதுல போய் ஒதுங்கியிருக்கு. அது போச்சுண்ணா சத்தம் எங்க போவும்? பிள்ளைக்கிட்டத்தான் வரும்."

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் தெளிந்துவிட்டது. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழும்போது பிள்ளை வாய்விட்டு அழ வேண்டும், அழுதால்தான் பசாசு விட்டுப்போனதாக எங்கள் பங்கில் பெண்கள் தலையாட்டுவார்கள். சத்தத்தை வீட்டு மச்சில் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "குடியிருக்கப் போன சத்தம்தானே, வீடு இடிஞ்சா அம்மைக்கிட்ட வராம எங்க போவும்?" என்று லில்லிபாய் அக்காவும் சொன்னாள். நானும் நம்பினேன். பயந்தவர்கள் சீக்கிரம் நம்புவார்கள்.

சுனில்தாஸ் வந்தான். பாம்பு, உடும்பு, மரநாய், குளவி எதுவானாலும் உயிரோடு பிடித்து உயிரோடு விடுகிறவன், கைகளெல்லாம் பழைய கடித்தழும்பு. ஏணி வைத்து மச்சில் ஏறி, டார்ச் அடித்து, அரை மணி நேரம் அசையாமல் படுத்துக் கிடந்துவிட்டு, தலை நிறைய ஒட்டடையோடு இறங்கி வந்தான்.

"மூணு குட்டி" என்றான். "ரெண்டு சாதாரணம். மூணாவது கொஞ்சம் சிறிசு, இடது காதுல வெள்ளை இருக்கு. அது வாயத் தெறந்தா இந்தப் பாப்பாவுக்க சத்தம்."

"அதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார் மாமா. "எப்பம் எடுப்ப?"

"எடுக்காண்டாம் உபதேசியாரே. இன்னும் ஆறு வாரம் விட்டா குட்டிக தாய்க்குப் பின்னால தானா இறங்கிப் போவும். போன பெறவு ஓட்டை அடைச்சா போதும். அதுதான் நல்ல முறை."

"ஞாயித்துக்கிழமை சாமி வருவாரு."

சுனில்தாஸ் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு ரேடியோவும், நூறு வாட் பல்பு ஒன்றும் கேட்டான். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடுமாம். தட்டு விழுந்தால் செபமாலையை முதலிலிருந்து சொல்கிற மாமா, மூன்று நாள் இரவும் பகலும் தலைக்குமேல் சினிமாப் பாட்டும் சோப்பு விளம்பரமும் ஓடுவதை ஆண்டவருக்காகச் சகித்துக்கொண்டார். மரநாய் போகவில்லை. கைக்குழந்தை வீட்டுச் சத்தத்தில் வாரக்கணக்காக இருந்து பழகிவிட்டது, இதற்குமேல் ஒரு ரேடியோ என்ன செய்யும் என்று சுனில்தாஸ் சொன்னான். கடைசியில் கூண்டு வைத்தான். பழுத்த பாளையங்கோட்டான் பழம் உள்ளே, மேலே ஈரச்சாக்கு, உரசிப் புண்ணாகாதபடி கம்பிக்குத் துணி சுற்றியிருந்தான். குட்டிகளுக்கு அட்டைப்பெட்டி, அதற்குள் கம்பளித் துண்டு, துண்டுக்கடியில் வெந்நீர் பாட்டில். அவன் செய்கிறதையெல்லாம் பார்த்து எல்லாரும், "என்னா இரக்கம், என்னா இரக்கம்" என்றார்கள். என் பேறுகாலத்தில் ஆஸ்பத்திரியில் வெந்நீருக்கு வரிசையில் நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவன் ஏணியை மடக்கும்போது நான் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல், "மூணாவது குட்டிய மட்டும் விட்டுட்டுப் போவியா தம்பி? நான் பால் குடுத்து வளத்துக்கிடுவேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினான். "தாயையும் குட்டியையும் பிரிக்க மாட்டேன் அக்கா. எங்க வேலைக்கு முதல் சட்டம் அதாக்கும். பிரிச்சா தாய் திரும்பி வந்து ஓட்டை மாந்திப் பிறாண்டி, நகம் பிஞ்சு சாவும். நான் பாத்திருக்கேன்."

"என்ன மட்டும் பிரிக்கலாமா?"

"உங்க பிள்ள உங்க கையில இருக்கே அக்கா" என்றான். அது உண்மை. கையில்தான் இருந்தாள்.

"சத்தம் இறங்கி வரும்னு சொல்லுகாளே. வருமா?"

"எனக்கு மிருகத்தைப் பத்திதான் தெரியும்" என்றான். அந்த ஊரிலேயே தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆள் அவன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை விடியும்போது கூண்டுக் கதவு விழுந்த சத்தம் கேட்டது. சுனில்தாஸ் ஏழு மணிக்குத்தான் வருவான். மாமா முதல் பூசைக்குப் போயிருந்தார். மகளைக் கட்டிலில் தலையணை அணைத்துக் கிடத்திவிட்டு, தையல் சரியாக ஆறாத வயிற்றோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏணியில் ஏறினேன். கூண்டுக்குள் தாய் மரநாய் இருந்தது. பழம் அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்துச் சீறும் என்று நினைத்தேன், சீறவில்லை. பிரசவ வார்டில் அடுத்த கட்டிலில் கிடந்தவள், நர்ஸ் வராத நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாளே, அதேபோல ஒரு பார்வை பார்த்தது. தையல் மெஷினுக்குப் பின்னால் பழைய பாவாடைக் குவியலில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காதில் வெள்ளை உள்ளதை எடுத்தேன். சுடுசோற்றை இலையில் பொதிந்து கையில் வைத்ததுபோலச் சூடும் மணமும். அது என் மார்பில் மூக்கால் தேடி, கிடைக்காமல், என் மகளின் குரலில் ஒரு பெருமூச்சு விட்டது.

அதைப் பிள்ளைத் துணி வைக்கிற மரப்பெட்டியில், துணிகளுக்கு நடுவில் வைத்து, மூடி முழுதும் சாத்தாமல் ஒரு சீப்பைச் செருகி வைத்தேன்.

சுனில்தாஸ் வந்தான், மாமா வந்தார், வேடிக்கை பார்க்க லில்லிபாய் அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். அவன் கூண்டை இறக்கி முன்னறையில் வைத்தான். குட்டிகளை அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்து இறக்கினான். "ரெண்டுதான் இருக்கு" என்றான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆண்கள் மச்சைப் பார்த்தார்கள், பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். "பூனை கொண்டு போயிருக்கும்" என்றார் மாமா. "போனா போவட்டு. சீக்கிரம் கூண்டக் கெட்டு."

அப்போது கூண்டுக்குள் தாய் ஒரு சத்தம் போட்டது. மெல்லிய, இரும்பைச் சீவுகிற சத்தம். அதைக் கேட்டதும் அடுத்த அறையில், மரப்பெட்டிக்குள், மூன்றாவது குட்டி தன் தாய்க்குப் பதில் சொன்னது. ஆஸ்பத்திரி வார்டையே திரும்ப வைத்த அந்தப் பழைய பெரிய சத்தத்தில், என் மகளின் முழுச் சத்தத்தில், வீடு அதிர அழுதது. என் மகள் என் தோளில் கிடந்தாள். அதே நேரத்தில் அவளும் வாய் திறந்திருந்தாள்.

"வந்துட்டு!" என்று கத்தினாள் லில்லிபாய் அக்கா. "சேசுவே, சத்தம் கீழ இறங்கிட்டு! பாருங்க, பிள்ளைக்க வாய்லேர்ந்து வருகு!" எல்லாரும் என் தோளைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள். ஒருத்தி அழுதாள். மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக என் மகளின் தலையைத் தொட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. அப்படியே விட்டிருக்கலாம். சுனில்தாஸ் மட்டும் அடுத்த அறைப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு, என்னைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்க மாட்டான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நான் கூண்டைப் பார்த்துவிட்டேன். தாய், துணி சுற்றாத ஒரு கம்பியைத் தேடிக் கண்டுபிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. பல்லெல்லாம் ரத்தம். அது என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, சத்தம் வருகிற பக்கத்தை மட்டும் பார்த்துக் கடித்தது.

யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். நானே போய் மரப்பெட்டியைத் திறந்து, நானே எடுத்துக்கொண்டு வந்து, மற்ற இரண்டின் நடுவில் வைத்தேன். சூடு போதுமா என்று வெந்நீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

"கான்வென்ட்ல வளந்த பிள்ள பாத்தியா" என்றார் மாமா மற்றவர்களிடம், தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. "ஒரு மிருகத்துக்குக்கூட துரோகம் செய்யல்ல."

கூண்டையும் பெட்டியையும் சேர்த்து ஈரச்சாக்கால் மூடி வண்டியில் ஏற்றினார்கள். கிட்டத்தில் விட்டால் தாய் வழி கண்டுபிடித்துத் திரும்பிவிடும் என்பதால் கோதையாற்றுக்கு மேலே, மலையில் விட வேண்டும். வண்டி புறப்பட்டதும் அழுகையும் புறப்பட்டது. பள்ளிக்கூடம் தாண்டி, குளத்தங்கரை தாண்டி, ஜங்ஷன் தாண்டிப் போகிறவரை கேட்டது. வழியில் கடைக்காரர்கள், "உபதேசியார் வீட்டுப் பிள்ளை எங்கேயோ போவுது" என்று சொல்லிக்கொண்டார்களாம். என் மகள் அந்திவரை வாய் திறந்தபடியே இருந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

சத்தம் அவளிடம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் அவள் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார். முகம் சுருங்கியது, வாய் கோணியது, கண்ணீர் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது. பெண்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சாமியார் இரண்டாம் தடவை ஊற்றிவிட்டு, மூன்றாம் தடவைக்குச் சிப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் காத்திருந்தார். கோவிலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அப்போது பின்னாலிருந்து லில்லிபாய் அக்கா, "மேல சொல்லுங்க சாமி, காட்டுல இப்பம் அழுதிருக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், பசாசு போய்விட்டது என்று ஏற்றுக்கொண்டார்கள். சாமியார் மூன்றாவது தண்ணீரை ஊற்றினார்.

வீடு மந்திரித்தார்கள். மச்சுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓட்டுக்கடியில் இரும்பு வலை அடித்திருந்தது. திருஇருதயப் படத்துக்குக் கீழே மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உயிர்மேல் இரக்கம் காட்டுகிற வீட்டில் ஆண்டவர் வாசம் செய்கிறார் என்று சாமியார் பேசினார், இந்தக் கூட்டத்தில் கையைவிட்டுக் கைமாறியும் சிணுங்காத இப்படி ஓர் அமைதியான பெண்குழந்தையை நான் பார்த்ததில்லை என்றார். மருமகளும் சத்தமில்லாதவள், பேத்தியும் சத்தமில்லாதவள் என்று யாரோ சொல்ல, மாமா அடக்கமாகச் சிரித்தார். கோழிக்கறிக்கு உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அதற்காக என்னைத் திட்டவும் இல்லை.

இப்போது என் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. அவள் பசித்தால் எனக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். ராத்திரி மூக்கடைத்தாலும், கழுத்தில் துணி சுற்றினாலும், எறும்பு கடித்தாலும் எனக்குத் தெரியாது. காலில் சலங்கைக் கொலுசு போட்டேன், உதைத்தால் கேட்குமே என்று. ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மாமா அதன் முத்துகளை ஒவ்வொன்றாகக் குறடால் எடுத்துவிட்டு, "இப்பம் போடு, அழகா இருக்கு" என்று திருப்பித் தந்தார். பெர்க்மான்ஸ் வீடியோவில், "மியூட்ல கெடக்கு, எடுத்து விடுட்டி" என்றார். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸம்மா நீல நோட்டில், 'உண்டு (காட்டில்)' என்று எழுதிக்கொண்டு போனாள். அதனால் நான் தூங்குவதில்லை. இடது கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் சுனில்தாஸ் வந்திருந்தான். உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்தில் நின்றபடியே பேசினான். கோதையாற்றுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில், ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியக்காலம் போகும்போது அயனி மரத்து உச்சியில் ஒரு கைக்குழந்தை அழுகிறதாம். முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் மந்திரவாதியைக் கூப்பிட்டார்கள். இப்போது வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் மரத்தடியில் ஆளுக்கொரு பழம் வைத்துவிட்டுப் போகிறார்களாம். பிள்ளையில்லாத ஒருத்தி, பாலெடுக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ராராரோ என்று ராராட்டு பாடுவாளாம். மற்ற இரண்டு குட்டியும் வளர்ந்து பிரிந்து போய்விட்டன, இது மட்டும் இன்னும் தாயைவிட்டுப் போகவில்லை என்றான்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு அக்கா. நல்லா பெருத்துட்டு." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். "போன திங்கக்கிழமை பேசிச்சாம்."

"என்ன சொல்லிச்சு?"

"அம்மாண்ணு."

கிணற்றடியில் பப்பாளி பழுத்து, பறிக்க ஆளில்லாமல், பாதி அழுகிக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "கூப்பிட்டப்பம் யாரு திரும்பிப் பாத்தது?"

"தாய் மரநாய்தான் அக்கா."

இப்போது விளக்கடியில் அவள் விழித்துக்கிடக்கிறாள். வலது காலின் ஊமைக் கொலுசை உதைத்துப் பார்க்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னை நேராகப் பார்த்து, உதடுகளை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி, பிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் எங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பேனாவை வைத்துவிட்டு, உரக்க, கான்வென்ட்டில் பதினொரு வருஷம் அட்டை மாட்டி நிறுத்தினார்களே அத்தனையும் சேர்த்து உரக்க, "என்ன மோளே?" என்றேன். அவள் மறுபடியும் உதட்டைப் பிரித்தாள். "என்ன மோளே, அம்மா இங்கதான் இருக்கேன், என்ன மோளே?"

முன்னறையிலிருந்து மாமா சுவரைத் தட்டினார். "அங்க என்ன சத்தம்? யாரு கூப்பிட்டா உன்ன?"

"எனக்க மோளு கூப்பிட்டா."

சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார் போலிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே" என்றார்.

"உங்களுக்குக் கேக்காது மாமா" என்றேன்.